நாலாயிரம் லிட்டர் பால்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

பாப்பா பிறந்த செய்தி கேட்டுத் துள்ளிக் குதித்தேன். தாயும் சேயும் நலம், அது போதும். மூக்கு அப்படியே உன் மூக்கு என்று உன் மாமியார் சொன்னாராம். பாவம் குழந்தை.

போனில் பேசினால் சிக்னல் இல்லை என்று பாதியில் வெட்டிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

என் கழிவுநீர்த் தொட்டி செத்துவிட்டது. நீ லீவில் கிளம்பிய மறுநாள் காலை வந்து பார்த்தால் மேலே கெட்டியாகக் கொழுப்பு ஆடை, கிட்டே போக முடியாதபடி அழுகிய முட்டை நாற்றம். நம் பால் ஆலைக் கழிவைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும் நுண்ணுயிர்களை ஏழு வருடமாக வளர்த்தேன். ஒரே நாளில் மூச்சு முட்டிப் போய்விட்டன. தெளியாத தண்ணீர் ஓடையில் கலந்து மீன்கள் செத்து மிதக்கின்றன. இருபத்தொன்றாம் தேதி மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வருகிறார். அதற்குள் தண்ணீர் தெளிய வேண்டும், காரணமும் தெரிய வேண்டும். இல்லையென்றால் ஆலைக்குப் பூட்டுதான்.

பால் பதப்படுத்தும் கூடம் உன் பொறுப்பு. நீ கிளம்பிய அந்தச் செவ்வாய் மதியம் வடிகாலில் என்ன இறக்கினீர்கள்? கூடத்துத் தண்ணீர் மீட்டர் அன்றைக்கு மட்டும் இரண்டு மடங்கு ஓடியிருக்கிறது. மறைக்காமல் எழுது.

பாப்பாவுக்கு என் முத்தம்.

உன் அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பா நலம், அவள் அம்மா நலம், நான்தான் அரைத்தூக்கத்தில் நடமாடுகிறேன். "உங்க அக்கா புள்ளயப் பாக்க வரமாட்டாங்களா?" என்று இவள் தினமும் கேட்கிறாள். தொட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறாள், முடிந்ததும் வருவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்று கூடத்தில் வழக்கமான கழுவல்தான். வெயிலுக்குத் தரையில் இரண்டு வாளி கூடுதலாக ஊற்றியிருப்பார்கள். உன் பூச்சிகளுக்கு வயிறு சரியில்லை என்றால் அதற்கும் நானா பொறுப்பு? கொஞ்சம் சுண்ணாம்பு போட்டுப் பார். மேலாளர் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?

உன் தம்பி

மார்ச் 13

தம்பிக்கு,

சுண்ணாம்பு முதல் நாளே போட்டாயிற்று. அதோடு பக்கத்து நகராட்சிக் கழிவுநீர் நிலையத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு லாரி சேறு வாங்கி வந்து ஊற்றினேன். அதில் உயிருள்ள கிருமிகள் இருக்கின்றன. காற்று ஊதியை ஒரு நிமிடம்கூட நிறுத்தவில்லை. கூடத்துக் குழாய்கள் ஒவ்வொன்றுக்கும் கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் முனை மாட்டிவிட்டேன். ஒரு தடவை கடைசியாக அலசிய தண்ணீரைச் சேர்த்து வைத்து அடுத்த தடவையின் முதல் அலசலுக்கு விடுகிறோம். லிட்டர் பாலுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் செலவான இடத்தில் இன்று இரண்டுக்குக் கீழே. தொட்டி பிழைத்துவிடும். பிழைக்க வைப்பேன்.

ஆனால் காரணம் கிடைக்காததால் மேலாளர் ஒரு ஆளைப் பிடித்துவிட்டார். குழாய் கழுவுகிற ஒப்பந்தப் பெண். அன்று மதியக் கழுவல் பதிவேட்டில் அவள் கையெழுத்து இருக்கிறதாம். "டீ குடிக்கப் போங்கன்னு சார்தான் அனுப்பினாரு, வந்து பாத்தா எல்லாம் கழுவியிருந்துச்சு, கையெழுத்துப் போட்டேன்" என்கிறாள். யாரும் நம்பவில்லை. அதிகாரி வரும் அன்று அவளைக் காட்டிவிட்டு வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்கள்.

அவளை டீ குடிக்க அனுப்பிய சார் யார்? இரண்டாம் சேமிப்புக் கலனில் நாலாயிரம் லிட்டர் பால் கணக்கில் உதைக்கிறதே, எங்கே போயிற்று?

அக்கா

மார்ச் 17

அக்கா,

எல்லாம் தெரிந்துகொண்டுதானே கேட்கிறாய்?

அன்று காலை ஒன்பது மணிக்கு இவளுக்கு வலி எடுத்துவிட்டது என்று போன் வந்தது. கை கால் ஓடவில்லை. பாலைக் கலனில் ஏற்றியவன் குளிரூட்டியைப் போட மறந்தேன். மூன்று மணிக்குத் திறந்து பார்த்தால் திரிந்து கிடக்கிறது. அப்பா ஆன நாளில் சேதப் பதிவேட்டில் என் பேரை எழுதச் சொல்கிறாயா? அவளை டீ குடிக்க அனுப்பிவிட்டு வடிகால் வால்வைத் திறந்துவிட்டேன். எல்லாக் குழாயையும் ஒரு மணி நேரம் திறந்து வைத்து அலசினேன், நீர்த்துப் போனால் ஒன்றும் செய்யாது என்று. பால்தானே அக்கா! விஷமா அது? பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கிற பால் மீனைக் கொல்லும் என்று நான் கண்டேனா?

அந்தப் பெண் மேல் தப்பில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் பிறந்து மூன்று வாரம் ஆகாத பிள்ளையை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? இதை நீ சொன்னால் எனக்கு அக்காவே இல்லை என்று நினைத்துக்கொள்வேன். கோபத்தில் எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதுகிறேன்.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

எழுதிவிட்டேன். இருபத்தொன்றாம் தேதி காலை பத்து மணிக்கு அதிகாரி கையில் கொடுப்பேன்.

முதலில் என் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். வடிகால் வால்வின் சாவி என்னிடம் இருக்க வேண்டியது. "ஒவ்வொரு தடவையும் உன்கிட்ட வந்து நிக்கணுமா?" என்று நீ சலித்துக்கொண்டதும், தம்பிதானே என்று தூக்கிக் கொடுத்தேன். குழாயில் நிற்கும் பாலை வடித்துப் பிடிக்காமல் அப்படியே கழுவிவிடுவாய். இரண்டு வருடமாகப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். நான் கொடுத்த இடம்தான் இது. உன் பெயர் இரண்டாவது. பால் விஷமில்லைதான், ஆனால் அழுகும்போது தண்ணீரில் உள்ள காற்றையெல்லாம் தின்றுவிடும்; அதில்தான் என் கிருமிகளும் மீன்களும் மூச்சு முட்டிச் செத்தன.

உன்னைத் தூக்கி வளர்த்த கையால் இதை எழுதுவது எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்காதே. ஆனால் அவளுக்கும் ஒரு வீடு இருக்கிறது.

அக்கா

மார்ச் 24

என் தம்பிக்கு,

ஒன்பதரைக்கே நீ வந்து நிற்பாய் என்று நான் சத்தியமாக எதிர்பார்க்கவில்லை. "தொறந்தது நான்தான் சார், அவங்க டீ குடிக்கப் போயிருந்தாங்க" என்று நீயே அதிகாரியிடம் சொன்னாய். என் கடிதத்தையும் கொடுத்தேன். சாவி கொடுத்தது என் தப்பு அல்லவா? எனக்குக் கண்டனக் கடிதம் வந்திருக்கிறது. உன்னைப் பொறுப்பிலிருந்து இறக்கி, கழுவும் பிரிவில் போட்டிருக்கிறார்கள். அவள் வேலையில் இருக்கிறாள். தண்ணீரை முழுதாகத் தெளிய வைக்க ஆலைக்கு ஒரு மாத அவகாசம்.

வெளியே போகும்போது என் பக்கம் திரும்பவே இல்லையேடா. பாப்பாவைப் பார்க்க வரலாமா?

அக்கா

ஏப்ரல் 2

கழிவுநீர்ப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

இன்று குழாய்களைக் கழுவும் முன் ரப்பர் உருண்டையை உள்ளே விட்டு, தேங்கி நின்ற பாலைத் தள்ளியதில் தொண்ணூறு லிட்டர் பால் தனியாகக் கிடைத்தது. மாட்டுத் தீவனத்துக்கு அனுப்பிவிட்டேன். லிட்டர் பாலுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் செலவு. வடிகாலில் போனது அலசிய தண்ணீர் மட்டும். மீட்டரை நீங்களும் ஒரு முறை பார்த்துக்கொள்ளவும்.

பாப்பாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரலாம். இவள் இருப்பாள். நான் வெளியே போயிருப்பேன். அக்கா என்று எழுத எனக்கு இன்னும் மனசு வரவில்லை. அளவு மட்டும் தினமும் மாலை நான்கு மணிக்கு வந்துவிடும். அதில் பொய் இருக்காது.

இப்படிக்கு,
கழுவும் பிரிவு ஊழியர்