செவலையின் இடது கால்

செவ்வாய், ஜூன் 3
ஆறு மணிக்கே வியர்வை. எங்கள் கோழி செவலை இடது காலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கிறது. பாதம் வீக்கம், சூடு. செல்போனில் வீடியோ பார்த்தேன். சிமென்ட் தரையில் குதிக்கிற கோழிக்கு உள்ளங்காலில் ஆணி வருமாம். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் சிமென்ட்டை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

வாங்கவேண்டியது: கல் உப்பு, பஞ்சு, கட்டுத்துணி.

உப்பு வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்தேன். பிறகு மஞ்சள், வேப்பெண்ணெய். கையில் இரண்டு கொத்து வாங்கினேன்.

மனைவி தனம் பக்கத்திலேயே நின்றாள். "ஊனமானத ஆத்தா வாங்கிக்குமாய்யா?"

மகள் கவிதாவுக்கு இரண்டு தடவை கரு கலைந்துவிட்டது. இந்தத் தடவை தங்கியதும் தனம் செவலையைக் குஞ்சிலேயே அம்மனுக்கு நேர்ந்துவிட்டாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் கோயிலில் கொண்டுபோய் விடவேண்டும். பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள்.

வியாழன், ஜூன் 5
வீக்கம் குறையவில்லை. விரல்கள் கருநீலம். பிளேடால் உள்ளங்காலைக் கீறினேன். சீழ் இல்லை, ஆணியும் இல்லை. நல்ல சதையை அறுத்திருக்கிறேன். லேத் பட்டறையில் மயிரிழை பிசகினால் அடுத்தவனைத் திட்டுகிற ஆள் நான். முட்டாள்.

கவிதா போன். "நைனா, செவல எப்டி கீது?"

"ஜம்முனு கீதும்மா."

கேஸ் புக் பண்ணவேண்டும். மறந்தே போச்சு. தனம் சாப்பிடவில்லை. நானும்.

சனி, ஜூன் 7
அரை நாள் லீவு. கூடையில் போட்டு மாட்டாஸ்பத்திரி. டாக்டரம்மா பாதத்தைப் பார்க்கவே இல்லை. அதற்கு மேலே தடவினார். "இங்க ஒரு கோடு தெரியுது பாருங்க. என்ன கட்டினீங்க?"

நேர்ந்த கோழிக்குக் காலில் மஞ்சள் நூல் கட்டுவது வழக்கம். பருத்தி நூல் இரண்டு மாதத்தில் இற்றுவிடும், பிள்ளை பிறக்கிறவரை தாங்கவேண்டாமா என்று பட்டினப்பாக்கத்தில் வலை பின்னுகிற நைலான் வாங்கி, மஞ்சளில் தோய்த்து, நான்தான் கட்டினேன். மூன்று முடிச்சு. குஞ்சு வளர்ந்தது, நூல் விடவில்லை. இப்போது சதைக்குள்ளே. பருத்தியாக இருந்தால் தானாக அறுந்திருக்கும். அதிகப்பிரசங்கி வேலை.

"இன்னைக்கே நூல வெட்டினா கால் பிழைக்கலாம்."

தனம் கூடையை விடவில்லை. "வாணாம்யா. கொயந்த பொறக்கட்டும். கயிற அறுத்தா வேண்டுதல அறுத்தாப்ல."

திரும்பக் கொண்டுவந்துவிட்டோம். எனக்கும் பயம். வேண்டாம் என்று அவள் சொன்னதில் உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட. சீ.

ஞாயிறு, ஜூன் 8
செவலை தண்ணீர் குடிக்கவில்லை. கால் சில்லென்று. ஆஸ்பத்திரி பூட்டு.

தனம் தாங்காமல் கவிதாவிடம் சொல்லிவிட்டாள். போனுக்கு வெளியே கேட்டது அவள் கத்தியது. "யம்மா, அது கால் போயி எனக்குப் புள்ள பொறக்க வாணாம்மா! நைனா கிட்ட குடு. நைனா, இப்பவே வெட்டு."

பட்டறைக் கட்டிங் பிளேயர், கொதிநீரில் போட்டு எடுத்தேன். தனம் கண்ணை மூடிக்கொண்டு கோழியைப் பிடித்தாள். முடிச்சு கிடைக்கவே நேரமாயிற்று. வெட்டினேன். நூல் உள்ளே இன்னும் மஞ்சளாக, இற்றுப்போகாமல், புதிது மாதிரி. பாதத்தைப் பிடித்து இழுத்ததும் செத்துப்போன நடுவிரல் கையோடு வந்துவிட்டது. செவலை கத்தக்கூட இல்லை.

தனம் கண்ணைத் திறந்து பார்த்தாள். மஞ்சள் அரைக்க உள்ளே போனாள்.

தாயே, கட்டினவன் நான். அறுத்தவனும் நான். என்னைக் கேள். கவிதாவைக் கேட்காதே.