அபிரா கயிறு எறிந்த கப்பல்

இஞ்சாருங்கோ,

நேற்று நான் கப்பலில் போனேன். ஓம், நீங்கள் கேட்ட அதே கப்பல், துன் ஏரித் துறையிலிருந்து. உங்கள் முதல் ஆட்டைத்திவசத்துக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது. அதற்குள் போய்விட்டேன். கோபமோ?

மகளின் மகள் அபிராவைக் கப்பலில் வேலை பழக எடுத்த அன்று, பஸ்ஸில் கண்ட ஆக்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தவர் நீங்கள். இன்டர்லாக்கன் ஹொட்டல் குசினியில் இருபத்தேழு வருடம் சமைத்தீர்கள். பின்கதவைத் திறந்தால் வாய்க்காலும் கப்பலும் தெரியும் என்பீர்கள். ஒருநாளும் ஏறவில்லை. போன கோடையில்தான் வாய் திறந்து கேட்டீர்கள். "ஒருக்கா ஏறிப் போவமே? பிள்ளை துறையிலை கயிறு எறியிறதைப் பாக்கவேணும்."

அந்தக் கிழமைதான் கனடாவில் உங்கள் பெரியப்பா மகன் செத்த செய்தி வந்தது. முப்பது வருடமாய் நீங்கள் முகம் பார்க்காத மனிதர். நான் விடவில்லை. "செத்தவீட்டுத் துடக்கு. முப்பத்தொண்டு நாள் கழியட்டும். சனம் என்ன சொல்லும்?"

"கப்பல் கோயில் இல்லையேயப்பா" என்று சிரித்தீர்கள்.

நான் சிரிக்கவில்லை. கலண்டரில் ஒவ்வொரு நாளாய் வெட்டிக்கொண்டு வந்தேன். பத்தொன்பதாம் நாள் உங்களை அம்புலன்ஸில் ஏற்றினார்கள். திரும்பி வரவில்லை.

ஏரி முடிந்து வாய்க்காலுக்குள் புகுந்ததும் கப்பல் மெல்ல ஊரத் தொடங்கியது. கரையில் நாயோடு நடந்த கிழவர் எங்களை முந்திப் போனார். பேர்ண் கோயிலில் காணும் அந்த வாய்க்கார அக்காவும் ஏறியிருந்தா. என்னைக் கண்டதும் கிட்ட வந்து குந்தினா.

"என்ன தங்கச்சி, ஆண்டு திரும்ப முந்திச் சவாரியோ?"

"ஓம் அக்கா. அவர் கேக்கேக்கை நாள் எண்ணினனான். எண்ணி முடியேக்கை ஆள் இல்லை."

அவ பையிலிருந்து ஒரு ரோல்ஸ் எடுத்து நீட்டினா. "மரக்கறிதான். சாப்பிடு."

இன்டர்லாக்கன் துறையில் அபிரா வெள்ளைச் சட்டையோடு முன்னுக்கு நின்றாள். ஒரே எறி. கயிறு போய்க் கட்டையில் விழுந்தது. பக்கத்திலிருந்த சுவிஸ் மனிசிக்கு எனக்குத் தெரிந்த டொச் பாஷையில் "அது என்ரை பேத்தி" என்று சொன்னேன். அவ தலையாட்டின பிறகும் இரண்டு தரம் சொன்னேன்.

"அம்மப்பா நிண்டிருந்தால் முடிச்சு வடிவில்லை எண்டிருப்பார்" என்றாள் அபிரா.

"ஓம், சொல்லிப்போட்டு இன்னொருக்காக் கட்டச் சொல்லிப் படம் எடுத்திருப்பார்."

அவள் சிரித்தாள்.

நீங்கள் பார்த்தீர்களோ? எனக்குத் தெரியாது. மேலே இருந்து பார்த்திருப்பார் என்று பிள்ளைகள் சொல்லுகினம். அப்படிச் சொல்லி என்னைத் தேற்ற எனக்கு மனமில்லை. அவள் கயிறு எறிந்ததை நீங்கள் பார்க்கவில்லை. மறித்தது நான்.

ஒன்று மட்டும் செய்தேன். நான் கண்மூடினால் எனக்காக ஆரும் நாள் எண்ண வேண்டாம், அபிரா அடுத்த நாளே வேலைக்குப் போகட்டும், வீட்டில் ஆர் எங்கே போக ஆசைப்பட்டாலும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கோ என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். மகள் முகத்தைத் திருப்பினாள். விடமாட்டேன். அவள் ஓம் என்னும்வரை சொல்லுவேன்.

உங்களை மறித்த,
உங்கடை மனிசி