என் பாட்டில் இன்னொருத்தி குரல்

வெள்ளிக்கிழமை, பேரணாம்பட்டு.

நான் நடித்த படத்தின் பாட்டு இன்று சாயங்காலம் வெளியானது. மகளே பாடியது என்று அம்மா தெருவையே கூப்பிட்டு வைத்திருந்தாள். பெண்கள் பீடி சுற்றும் முறத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். என் குரலை எடுத்துவிட்டு வேறொரு பாடகியைப் பாடவைத்ததை இயக்குநர் மத்தியானம்தான் போனில் சொன்னார். "உங்க குரல்ல ஊர் வாசனை ஜாஸ்திம்மா" என்றார். அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதல் வரியிலேயே அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாட்டு முடிந்ததும் பக்கத்து வீட்டு பர்வீன் அக்கா, "இன்னா குரல்டி உனுக்கு" என்று என் கன்னத்தைத் தொட்டார். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"அது நான் இல்லக்கா. என் குரலை எடுத்துட்டாங்க."

அம்மா, "எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. நீ பாடுனத பாடு, கேக்கறோம்" என்றாள்.

பாடினேன். சரணத்தையும் நிறுத்தாமல் பாடி முடித்தேன். பர்வீன் அக்கா கையிலிருந்த பீடியைக் கீழே வைத்துவிட்டு, "இத ஏன்டி எடுத்தாங்க?" என்றார்.

நாளைக்கு இயக்குநரிடம் அதையே கேட்கப்போகிறேன். என் அடுத்த படமும் அவருடையதுதான். பயமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்பேன்.