பெயிலாக வேண்டிய தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

ஒரு பிள்ளை தொட்டிலில், ஒரு பிள்ளை இடுப்பில். அந்த நேரம் பார்த்துக் கேகாலை அரசாங்க அலுவலகத்திலிருந்து போன். வியாழக்கிழமை, மலை ஊற்றிலிருந்து நம் பீலியில் வந்து விழும் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுக்க வருகிறார்களாம். தண்ணீர் மோசமான தோட்டங்களுக்கு அரசாங்கம் இந்த வருடம் பணம் ஒதுக்கியிருக்கிறது. தொட்டி, வடிகட்டி, வரிசை வீடுகளான லயத்துக்கு லயம் குழாய். சிங்களத்தில் சொன்னார்கள், நானும் சிங்களத்திலேயே நன்றி சொன்னேன். இதற்காகத்தானே தண்ணீர்ச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டார்கள்.

தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைக்காம்பராவில் நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைகளில் யாராவது ஒன்று வயிற்றோட்டத்தில் துவண்டுகொண்டேதான் இருக்கிறது. எவ்வளவு காய்ச்சிக் கொடுத்தாலும் எங்காவது ஒரு வாய் பச்சைத் தண்ணீர் போய்விடுகிறது. இந்தப் பணம் வந்தே ஆக வேண்டும்.

மார்ச் 5, புதன்

இடுப்பு கழன்றுவிட்டது. யாராவது வருகிறார் என்று தெரிந்தால் போதும், இந்தத் தோட்டத்தில் விளக்குமாறு தானாகவே கைக்கு வந்துவிடும். ரப்பர் பால் வெட்டு முடிந்த கையோடு எல்லோரும் பீலிக்கு வந்தார்கள். நான்தான் கூப்பிட்டேன். பாசியைச் சுரண்டினோம், மேலே ஊற்றில் கிடந்த இலைகளை அள்ளினோம், அங்கே கட்டியிருந்த மாடுகளை அடுத்த மலைக்கு ஓட்டினோம். கல்லுக்குச் சுண்ணாம்பு. பக்கத்து வீட்டு இலட்சுமி அக்கா பீலிக் குழாயைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்தார். சங்கத் தலைவர் சின்னத்தம்பி அண்ணன் டிஸ்பென்சரியில் பிளீச்சிங் பவுடர் வாங்கிவந்து ஊற்றில் தன் கையாலேயே கொட்டினார்.

"வர்றவங்க நம்மள கேவலமா நெனச்சிறக் கூடாது பாருங்க," என்றார்.

மார்ச் 6, வியாழன்

தண்ணீர் எடுக்க வந்தது றிஸ்மியா மிஸ். மாவனல்லைக்காரர், தமிழ் பேசுகிறார். பாதிப் பயம் அங்கேயே போய்விட்டது. போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, நாங்கள் போட்டிருந்த கோலத்தைப் பார்த்தார், வெள்ளைக் கல்லைப் பார்த்தார்.

"இது எப்பவும் இப்படியா?"

"எப்பவும் இப்படித்தான் மிஸ்." எல்லோரும் சேர்ந்து சொன்னோம். சின்னத்தம்பி அண்ணன்தான் எல்லோரையும் விட உரக்க.

மார்ச் 21, வெள்ளி

தண்ணீர் பாஸ். குடிக்க உகந்ததாம். அதனால் நம் தோட்டம் பட்டியலின் கடைசிக்குப் போய்விட்டது. இந்த வருடப் பணம் அவ்வளவு தூரம் வராது.

சின்னத்தம்பி அண்ணனிடம் சொன்னேன். "பாஸா? நான் சொல்லல?" என்று மீசையைத் தடவினார். பிறகுதான் விளங்கியது. தடவிய கை அப்படியே நின்றுவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்ததும் அழுகை வந்தது. சே, என்ன வேல பாத்து வச்சிருக்கேன்! காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனவள் குளித்து, பூ வைத்து, சிரித்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்த மாதிரி.

மார்ச் 22, சனி

பிள்ளைக்காம்பராவுக்கு வரும் செல்வியின் மகளுக்குக் காலையிலிருந்து வாந்தி. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

மார்ச் 24, திங்கள்

பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் மிஸ்ஸுக்குப் போன் போட்டு உள்ளதை எல்லாம் சொன்னேன். மாடு, புளி, பவுடர், ஒன்றையும் விடவில்லை. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"பவுடர் வாசம் வந்திச்சி ஜீவராணி. ஆனா போத்தல்ல இருக்கிறதத்தானே நான் எழுத ஏலும்."

ஏப்ரல் கடைசியில்தான் பட்டியலை முடிக்கிறார்களாம். சங்கம் கேட்டால் இன்னொரு முறை எடுக்கலாம். "நான் வார நாள சொல்ல மாட்டேன். நீங்க ஒண்ணும் செய்யாம இருங்க, அது போதும்."

அது போதுமாம். இந்தச் சனத்தை ஒன்றும் செய்யாமல் இருக்க வைப்பதைவிடக் கஷ்டமான வேலை உண்டா?

ஏப்ரல் 1, செவ்வாய்

வருசப் பிறப்பு வருகிறது. லயம் முழுக்க வெள்ளையடிப்பு. நான் பீலிக்குக் காவல். இலட்சுமி அக்கா விளக்குமாற்றோடு வந்து நின்றார். "ஒரே ஒரு தடவ கூட்டிக்கிறேன் ஜீவா. கை நமநமங்குது." விரட்டிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் கிருஷாந்த் அதற்கும் மேல். "சும்மா ஏன் காத்திருக்கணும்? ரெண்டு கூடை சாணிய அள்ளிக் கொட்டுவோம்." அவரையும் விரட்டினேன். அதுவும் பொய்தானே? தினமும் குடிக்கிற தண்ணீர் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மழை. பால் வெட்டு இல்லை, எல்லோரும் லயத்தில்தான். மிஸ் குடையோடு பீலியில் நிற்கிறார் என்று யாரோ சொல்ல, ஓடினேன். மேலே ஊற்றுப் பக்கம் மாடுகள். பீலியில் பிளேன்டீ நிறத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மிதந்த இலைகளையாவது எடுத்துவிடலாம் என்று இலட்சுமி அக்கா பாய்ந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

மிஸ் போத்தலை மூடிவிட்டு அன்றைக்குக் கேட்டதையே கேட்டார். "இது எப்பவும் இப்படியா?"

போனில் அவ்வளவு பேசிய நான், அக்காவின் கையை இன்னும் பிடித்துக்கொண்டே நின்றேன். கடைசியில் சின்னத்தம்பி அண்ணன்தான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"ஆமா மிஸ். எப்பவும் இப்படித்தான். இதத்தான் குடிக்கிறோம்."

எத்தனையோ பெரிய மனிதர்கள் இந்த மலைக்கு வந்து போயிருக்கிறார்கள். ஒருவரிடமும் நாங்கள் இதைச் சொன்னதில்லை. உடம்பு கூசியது. அண்ணன் மேல் அப்படி ஒரு மதிப்பும் வந்தது. மிஸ் எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

மே 2, வெள்ளி

பெயில். படு பெயில்! பட்டியலில் மூன்றாவது இடம், பணம் உறுதி. பெயிலானதற்குக் கை தட்டியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். சின்னத்தம்பி அண்ணன் யட்டியாந்தோட்டைக்குப் போய் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கி வந்தார்.

ஜூலை 13, ஞாயிறு

குழாய் புதைக்கக் கான் வெட்டினோம். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், பேனா பிடிக்க முடியவில்லை. கிருஷாந்த் வெட்டியது கோணல். சொன்னால் கேட்கவா போகிறார்.

அக்டோபர் 15, புதன்

பிள்ளைக்காம்பரா வாசலுக்கு வடிகட்டிய தண்ணீர்க் குழாய் வந்து ஒரு வாரம். மத்தியானம் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். செல்வியின் மகள் தானாகவே குழாயைத் திறந்து, இரண்டு கையையும் குவித்து, வாயருகே கொண்டுபோய்விட்டாள்.

"ஏய், பச்சத் தண்ணி—" என்று கத்திக்கொண்டே ஓடினேன். இத்தனை வருடமாக என் வாயில் ஊறிப்போன சத்தம். பாதி வழியில்தான் நினைவு வந்தது. பிள்ளை பயந்துபோய், குவித்த கையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகியது.

"ஒண்ணுமில்லம்மா," என்றேன். "குடி."

சட்டையெல்லாம் நனைய நனையக் குடித்தாள்.