கிணற்றடியில் உலராத புடவை

அக்கா,

இன்று காலை கொல்லைக் குழாயடியில் ஈரப் புடவையோடு நின்றேன். ஆடிச் சாரல், மைசூர்க் குளிர். பிழிந்து உதறியும் நீர் சொட்டுகிற முரட்டுப் பருத்திக்கு ஒரு வாசனை உண்டே, அது மூக்கில் ஏறியதும் நீங்கள் பக்கத்தில் வந்து நின்றாற்போல் இருந்தது. தளிகைக்கு மடியாக ஒருதரம் குளித்தவள், சாதம் கொதிக்கும்போதே மறுபடி ஏன் குளிக்க வந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் காகிதம். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை நான் படித்தது கன்னடம். தமிழ் எழுத்து அப்பா மணலில் போட்டுக் கொடுத்தது. ஆனாலும் பிழை இருக்காது என்றே நினைக்கிறேன்.

நான் பாட்டியாகிவிட்டேன், அக்கா. உங்கள் தம்பிக்கு நான் பெற்ற பிள்ளைக்கு, ஒரு காலத்தில் நான் ஏறிட்டும் பார்க்காமல் கிடந்தேனே அந்தக் குழந்தைக்கு, பெண் பிறந்திருக்கிறாள். பெங்களூரில் தாய் வீட்டில் பிரசவமாகி, மூன்று மாதம் கழித்து மருமகள் குழந்தையோடு வந்திறங்கினாள். நெற்றி அப்படியே நம் ஆத்து நெற்றி. தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். என் பேத்தி, சொல்ல மாட்டேனா?

எனக்குத் தாய் இல்லாததால் என் பிரசவம் உங்கள் வீட்டிலேயே நடந்தது. கிணற்றை ஒட்டின பின்கட்டு அறை. தீட்டுக் கழிந்து புண்யாகவாசனம் ஆன பிறகும் பிள்ளை பெற்றவளை அடுக்களைப் பக்கம் சேர்ப்பதில்லை. குளித்து மடியாக இருப்பவர்கள் அவளைத் தொடுவதும் இல்லை, தொட்டால் மறுபடி குளிக்க வேண்டும். பெருமாளுக்குத் தளிகை செய்பவர் நீங்கள். தாலி ஏறின மறு வருஷமே அதுவும் போய், தலைமுடியும் போய், வெள்ளைப் புடவையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பினவர். குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று உங்கள் முகம் முன்னால் வரக்கூடாது என்று கொல்லையிலேயே இருக்கச் சொன்னார்கள். ஆக நீங்களும் பின்கட்டு, நானும் பின்கட்டு.

எனக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. குழந்தை அழுதால், தெருக்கோடியில் யார் வீட்டுக் குழந்தையோ அழுவதுபோல் காதில் விழும். பால் கட்டி மார் கனக்கும். மனசு மட்டும் கட்டையாகக் கிடக்கும். அழுகை வந்தால் நிற்காது. "ஆண்பிள்ளை பெத்தவளுக்கு என்னடி அழுகை?" என்பார் என் மாமியார், உங்கள் அம்மா. பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மாள், "இது பாணந்தி சன்னி. பிள்ளை பெத்தவளுக்கு வர பைத்தியம். வேப்பிலை அடிக்கிறவனைக் கூப்பிடுங்கோ" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் குழந்தையைத்தான் கேட்டார்கள். பால் குடிக்கிறானா, தூங்குகிறானா, யார் ஜாடை?

ஒரு நாள் மத்தியானம் மிளகு சாதத்தை நிலைப்படிக்கு வெளியே வைக்க வந்தீர்கள். காலையில் வைத்தது அப்படியே காய்ந்திருந்தது.

"ஏன்டி சாப்பிடலை?"

"குழந்தை தூங்கறது, அக்கா."

"குழந்தையை ஊரே கேக்கறது. நான் உன்னைக் கேக்கறேன்."

என் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "கிணத்துக்குள்ளே போயிட்டா அங்கே ஒரு சத்தமும் இருக்காது, இல்லையா அக்கா?"

நீங்கள் கத்தவில்லை. அபசாரம் என்று காதைப் பொத்தவில்லை. இலையைக் கீழே வைத்தீர்கள். நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து, என் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த உங்கள் அம்மா, "அடிப்பாவி! மடியோட போய் அவளைத் தொட்டுட்டியே! பெருமாள் இன்னும் அமுதுசெய்யலையேடி!" என்று கூச்சலிட்டார்.

"குளிச்சுட்டாப் போச்சு" என்றீர்கள். கை என் தலையை விட்டு நகரவில்லை.

அன்றிலிருந்து நினைத்தபோதெல்லாம் வந்து என்னைத் தொட்டீர்கள். தொட்டதற்காகக் கிணற்றடிக்குப் போய்க் குளித்தீர்கள். சாரல் விடாத மாதம். உங்களுக்கு இருந்ததே இரண்டு புடவை. ஒன்று உடம்பில் ஈரம், ஒன்று கொடியில் ஈரம். மொட்டைத் தலைமேல் ஈர முக்காட்டோடு இருமிக்கொண்டே அடுப்பை ஊதுவீர்கள். "இவளுக்கு மடிப் பித்து முத்திடுத்து. மீனாப் பொறந்திருக்க வேண்டியவ" என்று மாமியார் கேலி செய்வார். ஆசாரம் அதிகமாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு காலை மாமியார் கோவிலுக்குப் போயிருந்தார். குழந்தை அழுது ஓய்ந்து தூங்கிவிட்டது. நான் எழுந்து கதவைத் திறந்துகொண்டு கிணற்றுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று உங்களுக்குத் தெரியும்.

துவைக்கிற கல்லின்மேல் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஏற்கெனவே துவைத்த துணியையே மறுபடி கசக்கிக்கொண்டிருந்தீர்கள். அடுக்களையில் இல்லாத நேரம், என் அறையில் இல்லாத நேரம், அத்தனை நேரமும் நீங்கள் அங்கேதான் இருந்திருக்கிறீர்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"என்ன, தீர்த்தம் வேணுமா? பச்சை உடம்புக்காரி நீ எதுக்கு இறைக்கணும்? நான் தரேன்" என்றீர்கள், ஒன்றும் தெரியாதவர்போல்.

நான் அந்த ஈரக் கல்லிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடியும்வரை விட்டுவிட்டு, நீங்கள் கிணற்றைப் பார்த்துக்கொண்டே பேசினீர்கள்.

"நானும் இங்கே வந்து நின்னிருக்கேன்டி. தலையை மழிச்சுவிட்ட மறுநாள். இடுப்புல குடம். குனிஞ்சப்போ அது நழுவி உள்ளே விழுந்துடுத்து. அந்தச் சத்தத்துக்கு ஆத்துல இருந்த அத்தனை பேரும் ஓடி வந்தா. 'ஐயோ, சீர்க்குடமாச்சே'ன்னு அம்மா வாயில அடிச்சுண்டா. பாதாளக் கரண்டி விட்டு சாயங்காலம் வரைக்கும் துழாவி எடுத்தா. எங்கேயாவது நெளிஞ்சிருக்கான்னு திருப்பித் திருப்பிப் பாத்தா." கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே, "என்னைத்தான் யாரும் திருப்பிப் பாக்கலை" என்றீர்கள்.

"எந்தக் குடம் அக்கா?"

"அதே குடம்தான். அதுலதான் தினம் உனக்கு வெந்நீர் வரது."

யார் முதலில் சிரித்தோம் என்று நினைவில்லை. பிள்ளை பெற்ற பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அது. சிரித்துவிட்டு மறுபடி அழுதோம். பிறகு என் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "என்னை யாரும் கேக்கலை. உன்னை நான் தினம் கேப்பேன். யாரண்டையும் சொல்ல மாட்டேன். நீ மட்டும் என்னண்டை மறைக்கப்படாது."

சொன்னபடியே யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் அம்மாவிடம், "பால் குடுத்த கையோட குழந்தையை நீ வெச்சுக்கோம்மா. அவ தூங்கட்டும்" என்று மட்டும் சொன்னீர்கள். அவர் முணுமுணுத்தாலும் வைத்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. அவரையும் அந்த வயதில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நீங்கள் தினம் கேட்டீர்கள். "இன்னிக்குக் கிணறு என்ன சொல்றது?" கூப்பிடறது, அக்கா. இன்னிக்கு? கொஞ்சம். இன்னிக்கு? நேத்திக்கு இல்லை, இன்னிக்குத் திரும்ப. அதற்கும் நீங்கள் சலித்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு நாள் நீங்கள் கேட்டபோது, "எது அக்கா?" என்றேன். நீங்கள் திரும்பி அடுப்பைக் கவனித்தீர்கள். முக்காட்டால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

அந்த தசராவுக்கு யானை பார்க்க நானாகவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். நீங்கள் வாசலுக்கு வரக்கூடாதே. இடைகழிக் கதவுக்குப் பின்னால் நின்றீர்கள். யானை போனதும் திரும்பி, குழந்தையை உங்கள் பக்கம் உயர்த்திக் காட்டினேன்.

நீங்கள் பெருமாள் திருவடிக்குப் போன அன்று கொடியில் உங்கள் புடவை நன்றாக உலர்ந்து கிடந்தது. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

இப்போது வீட்டுக்குக் குழாய் வந்துவிட்டது. கிணற்றின் மேல் பலகை. மருமகள் வருவதற்கு முன் அதற்கு ஒரு பூட்டும் போட்டேன். "தண்ணியை யாராவது திருடிண்டு போயிடுவாளா அம்மா?" என்று உங்கள் தம்பி பிள்ளை சிரித்தான். சிரிக்கட்டும்.

இன்று காலை மருமகள் அறை வாசல் வழியாகப் போனேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். காப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

"ஏன்டிம்மா, காப்பி குடிக்கலை?"

"குழந்தை தூங்கறா, அம்மா."

கரண்டியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனேன். பதறி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "அம்மா, மடியா இருக்கேளே! என்னைத் தொட்டுடாதீங்கோ!"

"குளிச்சுட்டாப் போச்சு" என்றேன்.

என் மடியில் தலை வைத்து அவள் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை, அக்கா. உங்களிடம்கூடச் சொல்ல மாட்டேன். கேட்டுவிட்டேன், அது போதும். சாதம் அடிப்பிடித்துவிட்டது, பெருமாள் இன்று வெகுநேரம் காத்திருந்தார். நாளைக்கும் அவளைக் கேட்க வேண்டும். அவளைத் தொட்டுக் குளித்ததும் உடுத்திக்கொள்ள இன்னொரு புடவையையும் நனைத்துப் பிழிந்து கொடியில் போட்டிருக்கிறேன். சாரல் விடவில்லை. உலர்ந்தால் உலரட்டும்.