பிப்ரவரியில் சுட்ட கரி

ஜூன் 11, புதன்

இன்றும் பழைய முடிவு வரவில்லை. அதே கடலைத்தொலி, அதே யூரியா, அதே உலை. பிப்ரவரியில் சுட்ட கரி மட்டும்தான் பேட்டரியில் பிளாட்டினத்துக்குச் சமமாக வேலை செய்தது. அதற்குப் பின் சுட்டதெல்லாம் வெறும் அடுப்புக்கரி.

வழிகாட்டி இன்பசேகரன் சார் எட்டிப் பார்த்து, “என்ன ஐரின், வந்துச்சா?” என்றார். உலோகமே கலக்காத கரி என்று போன மாதம் மேடையிலேயே பேசிவிட்டார். கட்டுரையும் போய்விட்டது. திரும்பச் செய்து காட்டுங்கள் என்று இதழிலிருந்து கேட்கிறார்கள். காட்டினால்தான் அச்சாகும். அச்சானால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். எதைக் காட்ட?

ஜூன் 14

உலை பழுது. கோரிப்பாளையத்தில் இறங்க வேண்டியவள், பஸ்ஸில் தூங்கித் தள்ளிப்போய் இறங்கினேன்.

ஜூன் 19

இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

பிப்ரவரியில் நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். சுடுவதற்கு முன் தொலியையும் யூரியாவையும் அரைத்தது சீனியர் அருள்பாண்டி அண்ணன். எதில் அரைத்தீர்கள் என்று இன்று கேட்டேன்.

“நம்ம கல்லுரல அடுத்த லேபுக்காரங்க வாங்கிட்டுப் போயிட்டாங்கத்தா. டீக்கு இஞ்சி தட்டுற இரும்புரல்ல போட்டு இடிச்சேன். கழுவிட்டுத்தான்!”

அட மனுசா! உரலில் தேய்ந்த இரும்பு, யூரியாவோடு சேர்ந்து உலையில் வெந்திருக்கிறது. வேலை செய்தது அந்த இரும்பு. சிரிக்கிறதா அழுகுறதான்னே தெரியல. அண்ணனைத் திட்டக்கூடத் தெம்பில்ல.

ஜூன் 27

வேண்டுமென்றே இரும்புரலில் இடித்துச் சுட்டேன். வந்துவிட்டது. கர்த்தாவே, இதுக்கா இம்புட்டு நாள்?

ஜூன் 30

சாரிடம் சொன்னேன். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“திரும்ப வந்துச்சுன்னு மட்டும் எழுதி அனுப்பிரு. எதுல இடிச்சோம்னு அவங்க கேக்கவா போறாங்க?”

வந்தது உண்மைதானே? — இல்லை, பொய். உலோகம் இல்லை என்பதுதான் கட்டுரையே. அதை நம்பி எங்கேயோ ஒருத்தி என்னைப் போல அரைத்து அரைத்துச் சாவாள். மாட்டேன். யாரு சொன்னாலும் மாட்டேன்.

ஜூலை 2

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று இதழுக்குக் காரணத்தோடு அனுப்பிவிட்டேன். சாருக்கும் ஒரு நகல்.

ஜூலை 9

சார் என் மேசைப் பக்கமே வருவதில்லை. அம்மா போனில், “எப்பத்தான்டி முடிப்ப?” உலையை அணைக்கணும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் சார் வந்தார். உட்காரவில்லை.

“இரும்பு எம்புட்டு இருந்தாப் போதும்? குறைச்சுப் பாத்தியா?”

“இன்னும் பாக்கல சார்.”

“பாரும்மா. மேடையில பேசுனதுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

போய்விட்டார். எல்லாம் முதலிலிருந்து. இன்னும் ஒரு வருடமாவது ஆகும். அம்மாவிடம் சொல்லவில்லை. மத்தியானம் கேன்டீனில் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன்.