அந்த ரோடு யார் பேரில் இருக்கிறது, மாமா?

என் பேச்சுக்கு முதல் ஆளாகக் கைதட்டிய சுந்தர் மாமாவுக்கு,

உங்கள் படத்துக்கு மாலை போட்டு நாற்பது நாள் ஆகிறது. அம்மா தினமும் விளக்கேற்றி, "ஏந்தம்பி மாதிரி வருமா" என்று அழுகிறாள். நான் அந்தப் பக்கமே போவதில்லை. நேரில் கேட்க வேண்டியதைக் கேட்க விடாமல், நெஞ்சுவலி என்று ஒரே காலையில் போய்விட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பா மறுபடி வேலைக்குப் போகிறார். மில்லில் முப்பது வருஷம் நின்றுகொண்டே உழைத்து ஓய்வு பெற்ற அதே அப்பாதான். இப்போது ஒரு பிரியாணிக் கடை வாசலில், காக்கிச் சட்டை போட்டு, விசில் ஊதி வண்டிகளை நிறுத்தச் சொல்கிறார். "உங்க அப்பாவப் பாத்தோம்டி" என்கிறார்கள் என் வகுப்புப் பிள்ளைகள். அதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. அது போதாதா?

மில்லில் கடைசி நாள் வந்த பணத்தை அப்பா போஸ்ட் ஆபீசில் போடுவதாகத்தான் இருந்தார். மனை விற்றுக்கொண்டிருந்த நீங்கள்தான் சிரித்தீர்கள். "மச்சான், அங்க போட்டா ஒங்களோட சேந்து பணமும் கெழவனாப் போகும். மண்ணுல போடுங்க. மண்ணுக்கு வயசே ஆகாது."

அதோடு விட்டிருந்தால், அப்பாவை ஏமாற்றிய மாமா என்று மட்டும் நினைத்திருப்பேன். நீங்கள் என்னையும் வேனில் ஏற்றினீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேன். குஜிலியம்பாறை தாண்டிப் போய் மனை பார்த்துவிட்டு வரலாம், போக்குவரத்து இலவசம், மதியம் பொட்டலமும் இலவசம். "பேச்சுப் போட்டியில பரிசு வாங்குன புள்ள, செத்த நேரம் கேளுங்க" என்று மைக்கை என் கையில் கொடுத்தீர்கள். நான்கு நாள் உட்கார்ந்து எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். "நாம் உறங்கினாலும் நம் நிலம் உழைக்கும்" என்றேன். என் கல்லூரிப் படிப்பு இந்த மண்ணில்தான் இருக்கிறது என்றேன். ஒவ்வொரு சொல்லையும் நம்பித்தான் சொன்னேன். உங்களுக்கு அது எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டும் செல்வி அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. "வயசான காலத்துக்கு ஆகும்ல பாப்பா?" என்று கேட்டார். "கண்டிப்பா ஆகும்க்கா" என்றேன்.

அன்றைக்கு நான் ஒரு கேள்வி கேட்டேன். ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் கொடுத்த வரைபடத்தில் மனைகளைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு இருந்தது. தார் ரோட்டிலிருந்து உள்ளே வரும் செம்மண் ரோடு மட்டும் அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்தது. "மாமா, இந்த ரோடு யார் பேர்ல இருக்கு?"

"ரோடு யாரு பேர்லடி இருக்கும்? நடக்குறவன் பேர்லதான்!" என்றீர்கள். வேனே சிரித்தது. அப்பா சிரித்தார். செல்வி அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன், மாமா. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

போன மாதம் அப்பாவும் நானும், மில் பணத்தில் வாங்கிய மனையைப் பார்க்கப் போனோம். ரோடு இல்லை. முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால், நம் வேன் ஓடிய இடத்தில், நிலக்கடலை முளைத்திருந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரோடா? எந்த ரோடு அப்பு? இது எங்க காடு. மனை வித்து முடியுற வரைக்கும் செம்மண்ணடிச்சு வச்சுக்கிறேன்னு ஒங்காளு வாடகைக்குக் கேட்டாரு, குடுத்தேன். கெடு முடிஞ்சது, உழுதுட்டேன். வேணும்னா அவரையே கூட்டிட்டு வாங்க, கேப்போம்."

"அவரு இனி வர மாட்டாரு" என்றார் அப்பா.

எங்கள் மனை அங்கேயே இருக்கிறது. நான்கு மூலையிலும் மஞ்சள் கல் இருக்கிறது. அதற்குப் போக வழி மட்டும் இல்லை. யார் வாங்குவார்கள்? நீங்களே அங்கே ஒரு மனையும் வாங்கவில்லை என்பது இப்போதுதானே எனக்கு உறைக்கிறது!

செல்வி அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கட்டிய பூவை அளந்துகொண்டே, "நீ சொன்னியேன்னுதான் பாப்பா வாங்குனேன்" என்றார். திட்டியிருக்கலாம்.

பரிசு வாங்கியதற்கு நீங்கள் ஓர் அகராதி கொடுத்தீர்களே, அதில் உங்களுக்குப் பொருத்தமான சொல்லைத் தேடினேன். நிறைய இருக்கின்றன. அம்மா இதைப் படிப்பாள் என்பதால் எழுதாமல் விடுகிறேன்.

கடைசிச் செய்தி இதுதான். உங்கள் கூட்டாளி நேற்று வீட்டுக்கு வந்தார். வேறொரு பக்கம் புது மனைகள் போடுகிறார்களாம். "மாமா இல்லாத கொறைய நீதான் தீக்கணும் பாப்பா. இந்த ஞாயித்துக்கெழம மட்டும் வந்து பேசு. ஒங்கப்பா மனைய நல்ல எடமா மாத்திக் குடுத்துர்றோம்."

செல்வி அக்கா மனையையும் மாற்றித் தருவீர்களா என்று கேட்டேன். "அது வேற கணக்கும்மா" என்றார்.

அவர் போனதும் அம்மா, "ரெண்டு வார்த்த பேசுனா ஒனக்கு வாய் தேஞ்சிருமா? ஒங்கப்பா இன்னும் எம்புட்டு நாளைக்கு வெயில்ல நின்னு ஊதுவாரு?" என்று கத்தினாள். அம்மா கேட்பதில் தப்பில்லை. அப்பா சட்டையை மடித்து வைத்துவிட்டு, "அவ இஷ்டம்" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

ராத்திரி பூராவும் யோசித்தேன். நல்ல இடத்தில் மனை வந்தால் அப்பா அந்த விசிலைக் கழற்றி வைத்துவிடலாம். அதைத் தடுக்கப்போவது நான்தான் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். என்னை இப்படிப்பட்ட இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது நீங்கள். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று அழ எனக்குக் கண்ணீர் வராததற்கும் நீங்கள்தான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏறுவேன், மாமா. மைக்கை வாங்குவேன். அவர்கள் அதைப் பிடுங்குவதற்குள் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும். அது எது என்று உங்களுக்குத் தெரியும். இந்த முறை வேனே சிரித்தாலும் நான் சேர்ந்து சிரிக்க மாட்டேன்.

நீங்கள் பேசப் பழக்கிய,
உங்கள் அக்கா மகள்
யாழினி